கைலி கட்டிய கம்ப்யூட்டர்

அருப்புக்கோட்டைக்கு முதன்முதலாக வந்த கம்ப்யூட்டர் கட்டம் போட்ட கைலி கட்டியிருந்தது. எண்ணெயில் பொரித்த புரோட்டா என்றால் சளைக்காமல் உள்ளே தள்ளும். கரண்ட் இல்லாமலே ஓடும். ஒரு கேள்வி கேட்டால் பதில் வர ஒரு வாரம் ஆகும். அந்தக் கம்ப்யூட்டரோடு ஒரே மாடியில் குடியிருந்தவன் நான் என்பதை, இன்று சட்டைப்பையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு திரியும் வாசகர்களுக்குப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

எழுபதுகளின் கடைசி அது. எனக்குத் திருச்சுழியில் ஓர் அரசாங்க ஆபீசில் கிளார்க் வேலை. காலையில் பஸ்ஸில் போய், சாயங்காலம் புழுதியோடு திரும்பி வருவேன். தங்கியிருந்தது அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு நூல் கடையின் மாடியில். வரிசையாக மூன்று அறைகள், அதற்கு மேலே மொட்டை மாடி. கல்யாணமாகாதவர்களுக்கு ஊரில் யாரும் வீடு கொடுக்காத காலத்தில் நூல் கடைக்காரர் மட்டும் கொடுத்தார். எங்களை மனிதர்கள் என்று நினைக்காமல், மாடியில் அடுக்கிய சரக்கு என்று நினைத்ததால் அது அவருக்குச் சாத்தியமாயிற்று.

பக்கத்து அறையில் தோழர். ஒரு பெரிய கம்பெனியின் உள்ளூர்க் கிளையில் கிளார்க். அங்கே சங்கத்துக்குச் செயலாளர். யாரைப் பார்த்தாலும் தோழர் என்று கூப்பிடுவார். பேப்பர் போடுகிற பையன் தோழர், மேனேஜர் தோழர், வழியை மறித்துப் படுத்திருக்கும் எருமையும் தோழர்தான். அதனால் அவருடைய சொந்தப் பெயர் அவருக்கே மறந்துகொண்டிருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் சோறு போட்டது எதிர்வீட்டு மெஸ் அக்கா. வீட்டுக்காரர் உள்ளே தறியில் உட்கார்ந்திருப்பார். அக்கா வெளியே இலை போடுவார். பரிமாறுவது தமிழில். கோபம் வந்தால் வீட்டுப் பாஷையான தெலுங்குக்குப் போய்விடுவார். எங்களுக்குப் புரியாது என்பதால் அந்தத் திட்டு எங்களுக்குச் சங்கீதம் மாதிரி இருக்கும்.

மூன்றாவது அறைக்கு ஒரு மத்தியான வேளையில் தகரப் பெட்டியும் பாயுமாக வந்து சேர்ந்தவர்தான் நம் கதாநாயகர். உயரமான ஆள். கண் எப்போதும் நமக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருக்கும். பரளச்சிப் பக்கம் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. மெட்ராஸில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம் வாங்கியிருந்தார். பெட்டியில் இரண்டு சட்டை, ஒரு கைலி, மிச்சம் முழுக்க ஓட்டை போட்ட அட்டைகள். கம்ப்யூட்டருக்குக் கட்டளை அதில்தான் போகும் என்று சொல்லி எங்களுக்கு ஆளுக்கு ஒன்று கொடுத்தார். தோழர் தன்னுடையதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இம்புட்டு ஓட்டை போட்டிருக்கானே, எந்த ஊரு பஸ்ஸு டிக்கெட்டு இது?" என்று கேட்டார்.

அவருடைய பிரச்சினை வேலை கிடைக்காதது அல்ல. கிடைத்ததுதான். பட்டம் வாங்கிய கையோடு மூன்று கதவுகள் ஒரே நேரத்தில் திறந்திருந்தன. பம்பாயில் ஒரு கம்பெனி வரச் சொல்லியிருந்தது. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் மேலே படிக்கக் கூப்பிட்டிருந்தது. மெட்ராஸில் ஒரு கல்லூரி விரிவுரையாளர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. எதற்குப் போவது என்று யோசித்துக்கொண்டே ஊருக்கு பஸ் ஏறியவர், அருப்புக்கோட்டை வந்ததும் இறங்கிவிட்டார். பரளச்சிக்குப் போனால் யோசிக்க விடமாட்டார்கள், நாலு நாள் இங்கே இருந்து முடிவு பண்ணிவிட்டுப் போகிறேன் என்றார். அந்த நாலு நாள் ஒரு வருஷத்தைத் தாண்டிப் போயிற்று.

வந்த இரண்டாம் நாளே தெருவில் அவருக்குக் கம்ப்யூட்டர் என்று பெயர் விழுந்துவிட்டது. பெயர் பரவியதும் சனங்கள் ரிப்பேருக்குச் சாமான் கொண்டுவர ஆரம்பித்தார்கள். மிசின் படித்தவர் என்றால் எல்லா மிசினும்தானே. ரேடியோ வந்தது, தையல் மிசின் வந்தது, மாட்டு வண்டியில் ஒரு பம்ப்செட் மோட்டாரே வந்தது. இது எனக்குத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. மோட்டாருக்கு எதிரில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, அது எப்போது நின்றது, அதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தது, நிற்கும்போது யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று மோட்டார்க்காரரை விசாரிப்பார். விசாரணை முடிகிறபோது பொழுது சாய்ந்திருக்கும். மோட்டார் ஓடவில்லை. ஆனால் மோட்டார்க்காரர் மனசு லேசாகி, இந்த மாதிரி என் பேச்சை இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

சொந்த முடிவை எடுக்க அவர் கல்லூரியில் படித்த முறையையே கையாண்டார். சாக்பீஸ் வாங்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். ஒரு வட்டம் போட்டு 'ஆரம்பம்' என்று எழுதினார். அதற்குக் கீழே கட்டம். அதற்கும் கீழே வைரக்கல் மாதிரி ஒரு சாய்சதுரம். சாய்சதுரத்துக்குள் ஒரு கேள்வி. ஆமாம் என்றால் ஒரு பக்கம் அம்புக்குறி, இல்லை என்றால் மறுபக்கம். இதற்கு ஃப்ளோ சார்ட் என்று பெயர், எப்பேர்ப்பட்ட சிக்கலையும் இதில் போட்டால் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்துதான் ஆக வேண்டும் என்றார். எங்கள் மாடியில் காயப்போட்ட தன் வீட்டுத் துணியை எடுக்க மேலே வந்த மெஸ் அக்கா நெடுநேரம் பார்த்துவிட்டு, கோலத்தில் புள்ளியே இல்லையே தம்பி என்று கவலைப்பட்டார்.

கோலம் வளர்ந்தது. பம்பாய் பிடிக்குமா என்ற கேள்வியிலிருந்து கிளம்பிய அம்பு, அங்கே மழை அதிகமா என்ற கேள்விக்குப் போய், மழை பிடிக்குமா என்று கிளை பிரிந்து, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு போனது. வேறு ஊராக இருந்தால் ஒரு மழையில் கதை முடிந்திருக்கும். எங்கள் வானம் அந்த உபகாரத்தைச் செய்யவில்லை. மாதக்கணக்கில் கோலம் அப்படியே கிடந்தது. நாங்கள் துணி காயப்போடப் போனால் அமெரிக்காவை மிதிக்காமல் ஓரமாகத்தான் நடந்து போக வேண்டும்.

அந்த அமெரிக்கா கைவிட்டுப் போன கதையைச் சொல்ல வேண்டும். ஒரு நாள் அக்கா மோர்மிளகாயைக் காயவைக்க இடம் தேடி, பாயை விரித்து நேராக அமெரிக்காவின் மேலே பரப்பிவிட்டார். நாலைந்து நாள் கழித்து மிளகாயை எடுத்தபோது கீழே சாக்பீஸ் எழுத்து ஒன்றும் இல்லை. நானும் தோழரும் பதறிப்போய் ஓடினோம். கம்ப்யூட்டர் வெறும் தரையைக் குனிந்து பார்த்தார். பிறகு, அங்கே போனால் இப்படி ஒரு மோர்மிளகாய் கிடைக்காது என்பது கணக்கில் விடுபட்டுப் போயிருந்தது, நல்லவேளை ஞாபகம் வந்தது என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிவிட்டார். அமெரிக்கா அத்தோடு சரி.

கல்லூரி வேலை போனது வேறு வகையில். மிசின் இல்லாத ஊரில் கட்டளை எழுதி என்ன செய்வது? அவர் தாளில் எழுதி, மனசுக்குள்ளேயே ஓட்டிப் பார்ப்பார். ஓடும்போது கூப்பிட்டால் காதில் விழாது. பாதியில் யாராவது தோளைத் தொட்டுவிட்டால் எல்லாம் கலைந்து, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒரு நாள் கல்லூரிக்குச் சம்மதம் தெரிவிக்கும் கடிதத்தோடு தபாலாபீசுக்குக் கிளம்பினார். வழியில் ஏதோ ஒன்று உள்ளே ஓட ஆரம்பித்துவிட்டது. தபாலாபீசைத் தாண்டினார். ஊரைத் தாண்டினார். சாயங்காலம் நான் வந்துகொண்டிருந்த பஸ், திருச்சுழி ரோட்டில், பக்கத்தில் ஊரே இல்லாத பொட்டல் வெளியில் நின்றது. கண்டக்டர் இறங்கிப் போய், கருவேல மரத்தடியில் நடந்துகொண்டிருந்த ஓர் உருவத்தைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து என் பக்கத்தில் உட்கார வைத்தார். கம்ப்யூட்டர் என்னைப் பார்த்து, பதில் சரியாக வந்துவிட்டது என்று சிரித்தார். கடிதம் பையிலேயே இருந்தது. கல்லூரியின் கெடு அன்றோடு முடிந்திருந்தது.

பம்பாய் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தது. தந்தி கொடுத்தது. மறு தந்தியும் கொடுத்தது. அப்புறம் வேறு ஆளை எடுத்துக்கொண்டது.

அவருடைய அப்பா பரளச்சியிலிருந்து ஒருமுறை வந்தார். அவரும் உயரம். தோளில் துண்டு, கையில் ஒரு பை நிறைய மிளகாய் வத்தல். அறைக்குள் நுழைந்ததும் நாலு பக்கமும் தேடினார். கட்டிலுக்குக் கீழே குனிந்தும் பார்த்தார்.

"மிசினு எங்கப்பா?"

மிசின் ஒரு வீடு பெரிசு இருக்கும், அதைச் சொந்தமாக வைத்துக்கொள்ள முடியாது, இந்த ஜில்லாவிலேயே கிடையாது என்று மகன் சொன்னார். பெரியவர் அதைக் கொஞ்ச நேரம் மனசில் போட்டுப் பார்த்தார்.

"அப்ப ஆடு மேய்க்கப் படிச்சிருக்க. ஆடு இல்ல."

ஆமாம் என்று மகன் ஒத்துக்கொண்டார். இனி என்ன செய்யப்போகிறாய் என்று பெரியவர் கேட்டார். யோசிக்கிறேன் என்றார் மகன். சண்டை வரும் என்று நானும் தோழரும் கதவோரம் காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. இரண்டு பேரும் மாடியேறி, தொட்டி நிழலில் அக்கம்பக்கமாக உட்கார்ந்தார்கள். பெரியவர் மேற்கே மேகம் திரளுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். மகனும் அதே பக்கம் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்கு வெளியே கரிசல் காடு வெடித்துக் கிடந்தது. அதன் மேலே வெயில் தண்ணீர் மாதிரி அலையடித்தது. இரண்டு முகத்திலும் ஒரே பார்வை. இந்த வியாதி எந்த வழியில் வந்தது என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குப் புரிந்தது. கடைசி பஸ்ஸுக்கு இறங்கி வந்தவர், யோசித்து முடித்ததும் ஒரு வார்த்தை சொல்லிவிடச் சொல்லுங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அந்த வருஷம் பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டதற்கும், யோசிக்கிறான் என்றே பெரியவர் சொன்னாராம். யோசிக்கிற வேலைக்குப் படி உண்டா என்று பெண் வீட்டார் விசாரித்ததாகக் கேள்வி.

தன் விஷயத்தில்தான் இப்படி. பிறத்தியார் விஷயத்தில் அவருக்கு ஈடு கிடையாது. அது எப்படித் தொடங்கியது என்று தெரியவில்லை. யாரோ ஒருவர் காளையை விற்பதா வேண்டாமா என்று புலம்பிக்கொண்டிருந்தபோது கம்ப்யூட்டர் சாக்பீஸை எடுத்து ஒரு சாய்சதுரம் போட்டிருக்கிறார். அவர் கேட்பது ஒரே ஒரு வார்த்தைதான்: "இல்லேன்னா?" விற்றால் இன்னது செய்யலாம் என்று ஆள் சொல்வார். இல்லேன்னா? அப்படியென்றால் இன்னது. அதுவும் இல்லேன்னா? அம்பு மேல் அம்பாகப் போய், கடைசியில் அந்த ஆள் தன் வாயாலேயே முடிவைச் சொல்லிவிட்டு, என்ன மூளை இந்தத் தம்பிக்கு என்று வியந்துகொண்டே போவார். கண்டக்டர் மகளுக்குச் சம்பந்தம் பேசினதும், நூல் கடைக்காரர் தம்பியோடு பாகம் பிரிக்காமல் இருந்ததும், மெஸ் அக்கா புரோட்டாவுக்கு மாஸ்டர் வைத்ததும் எங்கள் மொட்டை மாடியில் முடிவானவை. ஊரில் பாதிப்பேர் வாழ்க்கையில் எந்தப் பக்கம் திரும்புவது என்று அவர் சொல்லிக்கொடுத்தார். அவருடைய அம்பு மட்டும் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டே இருந்தது.

இதெல்லாம் தோழருக்கு ஆரம்பத்தில் பிடிக்கவில்லை. கம்ப்யூட்டர் வந்தால் ஆயிரம் கிளார்க்குகள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று அவருடைய சங்கம் நம்பியது. அப்படிப்பட்ட எதிரி பக்கத்து அறையில் குடியிருப்பது அவருக்குக் கொள்கைச் சிக்கலாக இருந்தது. ஆனால் சாயங்காலக் காற்றில் மாடியில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் அந்த மெட்ராஸ் மிசினைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், எங்கள் எல்லோரையும் விட அதிகமாகத் தோழர்தான் வாயைத் திறந்துகொண்டு கேட்பார்.

"உள்ள போறதுக்குச் செருப்பக் கழட்டணும். கதவத் தொறந்தா மார்கழி மாசம். வெளிய மண்டையப் பொளக்குற வெயிலு, உள்ள நமக்குப் பல்லு கிடுகிடுங்குது. பச்சையா, சிவப்பா சின்னச் சின்ன வெளக்கு. அட்டைய வச்சா சர்ருனு உள்ள இழுத்துக்கிடும். அப்புறம் ஒரு சத்தம். தூரத்துல மழை பெய்யுற மாதிரி. அது யோசிக்குது. நம்மளும் உக்காந்திருப்போம். யாரும் பேச மாட்டாங்க."

அந்த மழைச் சத்தம் எங்களுக்கும் கேட்டது. புழுக்கமான மாடியில் எனக்கு உண்மையாகவே கை சிலிர்த்தது. தோழர் பெருமூச்சு விட்டார். பிறகு சுதாரித்துக்கொண்டு, இருந்தாலும் அது உழைப்பாளிக்கு எதிரி என்பதை மறந்துவிடக் கூடாது என்றார்.

அந்தச் சமயத்தில்தான் ஊர்வலம் நடந்தது. தோழருடைய கம்பெனி, மதுரையில் இருந்த தன் பெரிய ஆபீசில் ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைக்கப்போகிறது என்று செய்தி வந்தது. கண்டித்து எல்லா ஊரிலும் ஊர்வலம். அருப்புக்கோட்டையில் தலைமை தோழர். அன்று காலை அவருடைய சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்ததே நம் கம்ப்யூட்டர்தான். கொடியோடு ஊர்வலம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி எங்கள் தெருவுக்குள் நுழைந்தது. தோழர் தொண்டை கிழிய முழங்கினார்: கம்ப்யூட்டரே வெளியேறு, எங்கள் சோற்றில் மண்ணைப் போடாதே.

எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் என்றால் ஒரே ஒரு பொருள்தான். மெஸ் அக்கா கரண்டியோடு வெளியே வந்துவிட்டார். அந்தப் புள்ள உங்க சோத்துல எப்பய்யா மண்ணப் போட்டுச்சு என்று தமிழில் ஆரம்பித்து, நேரடியாகத் தெலுங்குக்குப் போனார். நூல் கடைக்காரர் இறங்கி வந்து, வாடகைக்கு இருக்கிறவரை வெளியேறச் சொல்ல நீங்கள் யார் என்றார். கண்டக்டர் பஸ்ஸைக் குறுக்கே நிறுத்தச் செய்தார். காளைக்காரர் எங்கிருந்து முளைத்தாரோ, அவரும் வந்துவிட்டார். இது அந்தக் கம்ப்யூட்டர் இல்லை, மிசின், மிசின் என்று தோழர் கெஞ்சியது யார் காதிலும் விழவில்லை. கூச்சல் கேட்டு மாடியிலிருந்து இறங்கி வந்த கம்ப்யூட்டர், என்ன கோரிக்கை என்று அமைதியாக விசாரித்தார். ஒரு தொண்டர் விளக்கினார். இல்லேன்னா என்று கேட்டார். அதற்கும் விளக்கினார். நியாயமாகத்தான் இருக்கிறது என்று சொல்லி, ஒரு கொடியை வாங்கிக்கொண்டு தோழருக்குப் பக்கத்தில் நின்று, கம்ப்யூட்டரே வெளியேறு என்று தாமும் முழங்கினார். அக்கா கரண்டியைக் கீழே இறக்கிவிட்டு, இந்தக் கூட்டத்தில் ஒருத்தனுக்கும் புத்தி இல்லை என்று உள்ளே போனார்.

மதுரைக்கு மிசின் வந்தே விட்டது. ஆனால் அதை ஓட்ட ஆள் இல்லை. கம்ப்யூட்டருக்கே படித்தவர் ஒருவர் அருப்புக்கோட்டையில் நூல் கடை மாடியில் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று யாரோ சொல்லி, ஓர் ஆபீசர் காரில் வந்து இறங்கினார். வேலையைப் பற்றிச் சொன்னார். கம்ப்யூட்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இதனால் எத்தனை பேருக்கு நாற்காலி போகும்? அது உங்கள் கவலை இல்லை என்றார் ஆபீசர். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டார்.

பக்கத்து அறையில் தோழர் இருந்தார். சுவர் மெலிசு. எல்லாம் கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு சில நாட்கள் மாடியில் பேச்சே இல்லை. தோழர் சீக்கிரமே கிளம்பிப் போய்விடுவார். கம்ப்யூட்டர் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டி ஓரம் உட்கார்ந்திருப்பார். ஒரு கோடும் போடவில்லை. சாப்பிடவும் சரியாக வருவதில்லை என்று அக்கா என்னிடம் குறைப்பட்டார். யாராவது ஆலோசனைக்கு வந்தால், இன்றைக்கு வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார். அந்த மிசினை அவர் எவ்வளவு விரும்பினார் என்பது எங்களுக்குத் தெரியும். அது இவ்வளவு பக்கத்தில், ஒன்றரை மணி நேர பஸ் தூரத்தில் வந்து நிற்கிறது. அதற்கும் அவருக்கும் நடுவில் நிற்பதோ, தினம் அவர் இஸ்திரி போட்ட சட்டையைப் போடுகிற மனிதர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் மாடிக்குப் போனபோது தோழர் அவருக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சாட்சிக்கு ஆள் கிடைத்த மாதிரி தோழர் தொண்டையைச் செருமினார்.

"ஏலே கம்ப்யூட்டரு, நீ அந்த வேலைக்குப் போ."

கம்ப்யூட்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னைக்குக் கதவு இடுக்கு வழியாப் பாத்தேன். அந்த ஆபீசரு மிசினுன்னு சொன்ன ஒடனே ஒன் மூஞ்சி எப்படி இருந்துச்சு தெரியுமா? எனக்குத் தூக்கம் புடிக்கல. நீ போகலேன்னாலும் எவனாச்சும் வரத்தான் போறான். முகந்தெரியாத எவனோ வந்து எங்க வேலையப் புடுங்குறதுக்கு நீயே வந்து புடுங்கு. நீன்னா யோசிச்சுத்தான் புடுங்குவ. நீ யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள நாங்கெல்லாம் ரிட்டயர் ஆயிருவோம்."

நான் சிரித்துவிட்டேன். அவர்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

"நீங்க என்ன செய்வீக?" என்று கேட்டார் கம்ப்யூட்டர்.

"நானா? வாசல்ல நின்னு ஒன்னைய எதுத்துக் கோஷம் போடுவேன். அது என் வேலை. நீ உள்ள போயி ஒன் வேலையப் பாரு."

கம்ப்யூட்டர் இல்லேன்னா என்று கேட்கவில்லை. ஒரு வருஷத்துக்கு மேலாக அவரோடு இருந்ததில், அந்த வார்த்தையை அவர் கேட்காமல் விட்ட ஒரே சந்தர்ப்பம் அதுதான். எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, வாங்க சாப்பிடப் போகலாம் என்றார்.

பிறகு நடந்ததை நான் சொன்னால் சிலர் நம்ப மாட்டார்கள். காலை பஸ்ஸில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மதுரைக்குப் போவார்கள். சங்கம் தோழரை லீவு போட வைத்து மதுரைப் போராட்டத்துக்கு அனுப்பியிருந்தது. பெரிய ஆபீஸ் வாசலில் தோழர் கொடியைப் பிடித்துக்கொண்டு, துரோகி ஒழிக என்பார். கம்ப்யூட்டர் அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றி உள்ளே போவார். மத்தியானம் அக்கா கட்டிக் கொடுத்த புளிச்சோற்றுப் பொட்டலத்தில் ஒன்று வாட்ச்மேன் கையால் வெளியே வரும். சாயங்காலம் தொண்டை கட்டிப்போன தோழருக்கு கம்ப்யூட்டர் பஸ் ஸ்டாண்டில் சூடாகப் பால் வாங்கிக் கொடுத்து, அதே பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வருவார். வருகிற வழியெல்லாம் இன்றைக்கு மிசின் என்ன செய்தது என்று தோழர் கேட்டுக்கொண்டே வருவார்.

உள்ளேயும் கம்ப்யூட்டர் சும்மா இருக்கவில்லை. அட்டையில் ஓட்டை போட ஆள் வேண்டும், போட்டது சரியா என்று பார்க்க ஆள் வேண்டும், மிசின் கொடுக்கிற விடையை வாசித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று பொறுமையாகக் கட்டம் கட்டமாக வரைந்து அதிகாரிகளுக்குக் காட்டினாராம். அவர்கள் வேண்டாம் என்று சொன்னபோதெல்லாம் அந்த ஒற்றை வார்த்தையைக் கேட்டிருக்கிறார். கடைசியில் அவர்கள் களைத்துப் போனார்கள். யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. போராட்டம் முடிந்ததும், வம்புக்காரர் கண் பார்வையிலேயே இருக்கட்டும் என்று தோழரையே மிசின் பிரிவுக்கு மாற்றினார்கள். முதல் நாள் குளிர்ந்த அறைக்குள் போய்விட்டு வந்தவர், சாயங்காலம் நேராக மாடிக்கு வந்து எங்களோடு உட்கார்ந்தார். பிறகு, மழை மாதிரித்தான் கேக்குது என்று மட்டும் சொன்னார். அந்தப் பிரிவிலேயே இருந்து, சூப்பர்வைசராகித்தான் ரிட்டயர் ஆனார்.

மிசினுக்கு அகால நேரத்தில் எல்லாம் ஆள் தேவைப்பட்டதால் கம்ப்யூட்டர் மதுரைக்கே குடிபோக வேண்டியதாயிற்று. வந்தது போலவே தகரப் பெட்டியும் பாயுமாகக் கிளம்பினார். பரளச்சிப் பெரியவர் வந்திருந்தார். யோசித்து முடித்துவிட்டான் போல என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். கண்டக்டர் ஜன்னலோர சீட்டில் துண்டு போட்டு வைத்திருந்தார். அக்கா வழியில் சாப்பிட என்று ஏதோ பொட்டலம் கொடுத்து, வேகமாகத் திரும்பிப் போய்விட்டார். பஸ் நகர்ந்தபோது ஜன்னலில் தெரிந்த முகம் எங்களைப் பார்த்ததா, எங்களுக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்ததா என்று சொல்ல முடியவில்லை. கை மட்டும் அசைந்தது.

தோழர் அடுத்த வாரம்தான் மதுரைக்கு வீடு மாறுவதாக இருந்தது. அன்று சாயங்காலம் சாப்பிட வரவில்லையா என்று என்னைக் கேட்டார். இப்போதுதான் மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு வந்தேன் என்றேன். தானும் அக்கா கையால் வயிறு நிறையச் சாப்பிட்டாகிவிட்டது என்று சொல்லிவிட்டு அவரும் போய்ப் படுத்துக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பிப் போன அக்கா அன்றைக்கு மெஸ்ஸைத் திறக்கவே இல்லை என்பது மறுநாள் காலையில்தான் எங்களுக்குத் தெரிந்தது.